'மோர்' என்றால் கருமை

"மோர்டோர் என்பது வேறொன்றுமில்லை, மர்டர்தான்!" போன மாதம் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் பேச்சாளர் இப்படிச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. மோர்டோர் என்ற கொடிய நாட்டைத் தன் கதையில் படைத்த எழுத்தாளர் டோல்கீனைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

அந்தப் பேச்சாளர் அடுக்கிய காரணங்கள் மூன்று.

முதலாவது, ஒலி ஒற்றுமை. ஒலி ஒத்தாலே உறவு என்றால் நம் வீட்டு மோருக்கும் அந்த நாட்டுக்கும் உறவு சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது, டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1945 வரை ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். ஆகவே கொலையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டாராம். பழைய ஆங்கிலத்துக்குக் கதையில் அவர் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்: ரோஹன் நாட்டாரின் பெயர்கள். தெயோடென், எயோவின் எல்லாம் அந்த வகை. மோர்டோரோ எல்ஃப்களின் சிந்தாரின் மொழிப் பெயர். ஒன்றின் கணக்கை இன்னொன்றில் எழுதக் கூடாது.

மூன்றாவது, "அங்கே நடப்பதும் கொலைதானே, பொருள் பொருந்துகிறதே" என்பது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இது நிற்காது. மோர், கருமை; டோர், நிலம். கருநிலம். அதே டோர்தான் கோண்டோர் என்ற நாட்டின் பெயரிலும் இருக்கிறது: கல்நிலம். மர்டர் என்று கொண்டால் இந்த டோரை எங்கே வைப்பது? மோரிலிருந்து கிளைத்த மற்றச் சொற்களையும் பாருங்கள்: மோரியா, கரும்பள்ளம்; மோரன்னோன், கருவாயில்; மோர்கோத், கரும்பகைவன். 1930களில் டோல்கீன் எழுதிய வேர்ச்சொல் பட்டியலை அவர் மகன் கிறிஸ்டோபர் 1987இல் வெளியிட்டார். அதிலும் இந்த வேருக்குக் கருமை என்றே பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மோரிக்வெண்டி இருக்கிறார்கள். எல்ஃப்களின் இன்னொரு மொழியான, இதே வேரைக் கொண்ட க்வென்யாவில் 'இருள் எல்ஃப்கள்' என்று பொருள். புனித நிலமான வாலினோரின் இரு மரங்களின் ஒளியைக் காணாததால் வந்த பெயர் அது; கொலை செய்ததால் அல்ல. எல்ஃப் குலத்தில் முதன்முதலாக உறவின் ரத்தம் சிந்தியவர்கள் யார்? அல்குவாலோண்டே துறைமுகத்தில் கப்பல்களுக்காக டெலெரி குலத்தாரை வெட்டிச் சாய்த்த நோல்டோர் குலத்தார். அந்த ஒளியிலேயே வளர்ந்தவர்கள்! மோர் கொலையைக் குறித்திருந்தால், அந்த அடைமொழி அவர்கள் மேல் அல்லவா விழுந்திருக்கும்?

ஒரு மனிதர் 1915 வாக்கில் தொடங்கிச் சாகும்வரை வேர் வேராக, ஒலிமாற்ற விதிகளோடு வளர்த்த மொழிகள் இவை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல அதன் உடன்பிறப்புகள் இத்தனை பேர் அந்த மொழிகளுக்குள்ளேயே காத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் மேடையேறுவது டோல்கீனுக்குச் செய்யும் அநியாயம்.