ஒத்திகை நாளும் கூலி நாளே: இரும்பைப் பிரகடனம்

புதுச்சேரியை அடுத்த இரும்பை, இடையன்சாவடி, குயிலாப்பாளையம் பக்கம் வாடகை அறைகளில் தங்கி, சமகால நடனத்தையே பிழைப்பாகக் கொண்ட நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். எங்களில் யாருக்கும் மாதச் சம்பளம் இல்லை. ஒரு மாதம் சென்னையில் ஒருவருடைய படைப்பில் ஆடுவோம். அடுத்த மாதம் பெங்களூரில் பயிலரங்கு எடுப்போம். இடைப்பட்ட வாரங்களில் புதுச்சேரிப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வோம். இந்த ஃப்ரீலான்ஸ் வாழ்க்கையை விரும்பித்தான் எடுத்துக்கொண்டோம். ஆனால் மேடையில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விலை பேசிவிட்டு, அதற்கு முன்னால் போன மூன்று மாத உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு இனி உடன்பட மாட்டோம்.

இரும்பையில் கூடி இதைச் சொல்லக் காரணம் உண்டு. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலில் லிங்கம் பிளவுபட்டு, செப்புத் தகடு சுற்றி நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்வார்கள். மழை பொய்த்த காலம். சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று நம்பிய அரசன், தவத்தைக் கலைக்க வள்ளி என்ற ஆடல்மகளை அனுப்பினான். உதிர்ந்த இலையை மட்டும் உண்டவருக்கு அவள் அப்பளத்தைக் கொடுத்துப் பழக்கினாள். சித்தர் கண் திறந்தார், மழை வந்தது. பின்னொரு நாள் கோயிலில் வள்ளி ஆடும்போது சலங்கை கழன்று விழுந்தது. சித்தர் எழுந்து போய் அதை எடுத்து அவள் காலில் கட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. அவர் சிவனை நோக்கிப் பாட, லிங்கம் வெடித்தது. அங்கிருந்து கதை சித்தரின் சாபத்தோடு போய்விடுகிறது. அரசன் சொன்ன வேலையை முடித்த வள்ளிக்கு என்ன கிடைத்தது, பிறகு அவள் எப்படிப் பிழைத்தாள் என்பது நாங்கள் கேட்ட எந்த வடிவத்திலும் இல்லை. எங்களுக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

ஆடுகிறவர் எப்படிப் பிழைப்பார் என்பதைத் தமிழகம் ஒரு காலத்தில் கல்லில் எழுதி வைத்தது. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அவரவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவரிசையில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்குக் கட்டிவைத்த அந்த முறை பின்னாளில் எங்கே போய் நின்றது என்பதை அறிவோம். 1947-இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது சரியே, அது திரும்ப வரவே கூடாது. ஆனாலும் அந்த நெல்லை அளந்தவர்கள் ஆடிய இரவுகளை எண்ணி அளக்கவில்லை, ஆண்டுக்கு அளந்தார்கள். உடம்பைப் பழக்கி வைத்திருப்பது வருடம் முழுக்க நடக்கும் வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆட்டமும் நேற்று முளைத்ததல்ல. சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். 2001-இல் 'சரீரா' வரைக்கும் அவர் தேடல் நிற்கவில்லை. அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர் தனக்கென்று வேறொரு மொழியைக் கண்டார். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நடிகர்களை முழுநேரமாக வைத்துச் சம்பளம் கொடுத்துப் பார்த்தது. எங்கள் வட்டாரத்திலேயே வீணாபாணி சாவ்லா ஆதிசக்தி நாடகக் குழுவை வளர்த்து, ஒவ்வொரு படைப்புக்கும் நடிகர்களுக்கு நீண்ட காலம் கொடுத்தார். இவர்கள் எல்லாரும் இடத்தையும் நேரத்தையும் முதலில் உண்டாக்கிக்கொண்டார்கள். ஃப்ரீலான்ஸில் இருப்பவருக்கு அந்த இரண்டும் கிடையாது. ஒத்திகை ஹாலுக்கு வாடகை கொடுப்பதும் அவரேதான்.

ஒத்திகை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். எட்டு எண்ணுவதற்குள் எழுவது எளிது. அறுபத்து நான்கு எண்ணும்வரை, எங்கேயும் நிற்காமல், எங்கேயும் வெட்டாமல் எழச் சொன்னால் பாதியில் அடிவயிறு நடுங்கும், கழுத்து இறுகும், மூச்சு முந்திக்கொள்ளும். அது நடுங்காமல் வரப் பல நாள் ஆகும். சிமெண்ட் தரையில் பழகினால் வால் எலும்பு கன்றி, இரவில் குப்புறத்தான் படுக்க முடியும். பார்வையாளர் காண்பது ஒரு நிமிடம். அந்த நாட்களுக்கு இதுவரை எங்களில் பெரும்பாலோருக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

ஆகவே இனி எந்த வேலையை ஏற்றாலும் ஒத்திகை நாட்களை எண்ணி, நாளுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவோம். நிகழ்ச்சிக்கான தொகை அதற்கு மேல். இந்தப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்கள் தாம்பூலம் வாங்கும்போதே முன்பணமும் வாங்கிவிடும். அந்த நல்ல வழக்கம் எங்களுக்கும் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அச்சாரம் கைக்கு வராமல் நாள் குறிக்க மாட்டோம், நிகழ்ச்சி ரத்தானால் அதைத் திருப்பித் தரவும் மாட்டோம். வெறும் சிமெண்டிலோ கருங்கல்லிலோ ஆடச் சொன்னால் மறுப்போம். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் மீண்டும் மேடையேற மாதங்கள் பிடிக்கும், அதுவரை வாடகை யார் கட்டுவது?

எங்களுக்குள்ளேயே ஒரு கசப்பான பேச்சு உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் வசதி உள்ளவர்கள் "பணம் முக்கியமில்லை, ஆடினால் போதும்" என்கிறார்கள். அவர்கள் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் சும்மா ஆடிக்கொடுத்தால், அதே இடத்துக்குப் பேச வந்த மற்றவரின் கூலி விழுந்துவிடுகிறது. இயக்கத்தில் இருக்கும் எவரும் சும்மா ஆடக் கூடாது. தேவையில்லாதவர் வாங்கிப் பொது நிதியில் போடட்டும். அடிபட்டுக் கிடப்பவருக்கும், பிள்ளை பெற்று மீண்டு வருபவருக்கும் அந்த நிதியிலிருந்து கொடுப்போம்.

அரசிடமும் கேட்கிறோம். மரக்காணம் உப்பளத்தில் ஐப்பசி மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும், பாத்திகளில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை கூலி கிடையாது. வேலையற்ற அந்த மாதங்களும் அந்தத் தொழிலின் ஒரு பகுதிதான் என்று ஏற்றுத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. அது போதுமான தொகையல்ல, அந்த மக்களோடு சேர்ந்து நாங்களும் அதைச் சொல்வோம். எங்கள் தொழிலிலும் வேலை வரும் மாதம் உண்டு, வராத மாதம் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-இல் நல வாரியம் வந்தது. கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸர்களுக்குச் சங்கமும் கால்ஷீட்டும் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் வராத எங்களையும் ஒரு வாரியத்தில் சேர்க்க வேண்டும்.

பெயரும் கூலியைப் போன்றதே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் வைக்கிறது. எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆடியவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. ஒத்திகை முடிந்த அன்றே வீடியோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சித் தாளில் அசைவுகளை உருவாக்கிய ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும். "குழுவினர்" என்ற ஒற்றைச் சொல்லில் எங்களை அடைக்க விட மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. நல்கை விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பறையாட்டத்தில் வளர்ந்து சமகால நடனத்துக்கு வந்த பையனும், கூத்து வாத்தியார் வீட்டுப் பெண்ணும் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் உடம்பில் இருக்கும் பயிற்சி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. தமிழில் எழுதிய விண்ணப்பத்தை நல்கை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஏற்கும்வரை எங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொடுப்பார்கள், அதற்குக் கமிஷன் வாங்க மாட்டார்கள்.

சேர விரும்புகிறவர்கள் சந்தா கொண்டுவர வேண்டாம். கடைசியாக ஆடிய மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்: எத்தனை நாள் ஒத்திகை, எத்தனை நாள் மேடை, பேசிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, எத்தனை மாதம் கழித்து வந்தது. ஒன்றுமே வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்தத் தாள்களை எல்லார் முன்னாலும் படித்து, அன்றைக்கே எங்கள் நாள்கூலியை நிர்ணயிப்போம்.