விஷ உணவும் நமது அலட்சியமும்

ஒருவருக்கு வாந்தியும் பேதியும் கண்டால், "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி, ஓமத் தண்ணீரைக் கொடுத்துப் படுக்கவைப்பது நமது ஜனங்களின் வழக்கமாயிருக்கிறது. பெரும்பாலோர் இரண்டொரு நாளில் தேறி எழுந்துவிடுவதால் இவ்வழக்கமும் நிலைத்து நிற்கிறது. எழாமற்போனவர்களை எண்ணிப் பார்ப்பவர் யார்? எந்த அறிகுறிக்கு வீட்டுப் பக்குவம் போதும், எதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கவனிக்கவேண்டியது காலம். சமைத்து நெடுநேரம் வெளியில் வைத்த சாதத்திலும் பலகாரத்திலும் கிருமிகள் விஷத்தை உண்டாக்கி வைத்திருந்தால், உண்ட சில மணி நேரத்துக்குள்ளாகவே வாந்தி கண்டுவிடும். சால்மொனெல்லா போன்ற கிருமிகளோ குடலில் பெருகிய பிறகே தொல்லை தருபவை. ஜுரமும் வயிற்றுக் கடுப்பும் பேதியும் தோன்ற 6 மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். ஆகையால் கடைசியாக உண்டதன்மீதே பழிபோடுவது சரியன்று.

சாதாரண உபத்திரவத்துக்கு முதல் மருந்து நீரே. 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டவேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த இத்தகைய நீரைக்கொண்டே 1971-ஆம் வருஷத்தில் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் எண்ணற்ற காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். ஆனால் மலத்தில் இரத்தம், கடும் ஜுரம், குடித்த நீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல், கண் குழிவிழுதல், மயக்கம், 3 நாளுக்கு மேற்பட்ட பேதி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் செல்லவேண்டும். பார்வை இரட்டிப்பதும், இமை சரிவதும், நாக் குழறுவதும் இன்னும் அபாயகரமானவை. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் விஷயத்தில் பொறுத்துப் பார்ப்பதே தகாது.

விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டிக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள மற்ற கிராமங்களுக்கும் தனியே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும் ஊர்களில் வாந்தியெல்லாம் கெட்ட உணவின் வாந்தியன்று. பூச்சிமருந்து உள்ளே சென்றாலும் முதலில் வாந்தியும் வயிற்றுவலியுமே காணும். அத்துடன் எச்சிலும் கண்ணீரும் பெருகி, வியர்த்துக் கொட்டி, கண்மணி குண்டூசி முனைபோல் சுருங்கி, தசை துடித்து, மூச்சுத் திணறினால் அது பூச்சிமருந்தின் வேலையென்று சந்தேகிக்கவேண்டும். அப்போது உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மருந்து பட்ட துணியைக் களைந்து, உடம்பை சோப்பினால் கழுவி, 108 வண்டியை அழைத்து, மருந்துப் புட்டியையும் உடன் கொண்டுபோகவேண்டும். இவ்விஷத்துக்கு முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு, வீட்டில் இல்லை.

இது வீண் பயமன்று. 2013-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி பீஹாரில் ஸாரன் ஜில்லா கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து சமையல் எண்ணெயில் கலந்திருந்தது பரிசோதனையில் வெளியாயிற்று. வயலுக்குரிய விஷம் அடுப்பங்கரைக்குள் புகுந்ததன் பலன் அது.

ஆகவே மருந்துப் புட்டியையும் டப்பாவையும் கழுவி எண்ணெயோ தண்ணீரோ வைக்கும் வழக்கத்தை நமது விவசாயிகள் இன்றே கைவிடவேண்டும். மருந்தடித்த கையோடு சோற்றில் கைவைக்கலாகாது. இவ்வறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிக்கூடங்களிலும், சத்துணவுக் கூடங்களிலும், மருந்துக் கடை வாசல்களிலும் ஒட்டும்படி பேரூராட்சியாரையும் சுகாதார அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு தாள் காகிதமும் சிறிது மையுமே இதற்கான செலவு. அதைச் செய்யாமலிருந்து, பின்னால் ஓர் உயிருக்காக வருந்துவதில் பயனில்லை.