கீழ்ப்பாக்கம் என்பது வசைச்சொல் அல்ல!



வலைதளத்தில் விவாதம் சூடு பிடித்தால் நாலாவது கமென்ட்டிலேயே வந்து விழும் சொற்கள் எல்லோருக்கும் தெரியும். "லூசு", "மென்டல்", "போய் கீழ்ப்பாக்கத்துல சேரு". எதிரில் இருப்பவரை மடக்கிவிட்டதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதைப் படிப்பவர் அவர் ஒருவர் மட்டுமா? மாசக்கணக்கில் தூக்கம் வராம, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம, ராத்திரி ரெண்டு மணிக்குப் போனைத் தள்ளிக்கிட்டிருக்கிற பதினேழு வயசுப் பிள்ளையும் படிக்குது. "வாயைத் திறந்தா நம்மளையும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-ல் தொடங்கிய வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை. காசில்லாதவனும் கௌரவமாகச் சிகிச்சை பெற வேண்டிய இடம். அதன் பெயரைக் கெட்ட வார்த்தையாக்கினால், ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவைத்தான் நாம் சாத்துகிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வோம்.

▪️ மனநல மருத்துவச் சட்டம், 2017: அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

▪️ "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து, தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அதே சட்டம்.

▪️ 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் கட்டாயம். ஆசிரியர், பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. உதவி எண்களைப் பெரிய எழுத்தில் வளாகத்தில் வைக்க வேண்டும்.

தாளில் எல்லாம் இருக்கு. உங்க ஊர்ப் பள்ளியில, கல்லூரி விடுதியில, நீட் கோச்சிங் சென்டர்ல இருக்கா? பி.டி. வாத்தியாரையே "கவுன்சிலர்" என்று எழுதிக் கணக்குக் காட்டினால் அது போதாது. தகுதியுள்ளவர்களைப் பணியில் அமர்த்த வேண்டும், வட்டார மருத்துவமனைகளில் மனநல மாத்திரைகள் தீராமல் இருக்க வேண்டும், ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு உண்மையிலேயே கூட வேண்டும். இதுவே அரசிடம் நம் கோரிக்கை.

அதுவரை நாம் செய்ய வேண்டியது:

1️⃣ ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பள்ளி, கல்லூரி நிர்வாகத்தை முறையாகச் சந்தித்து, ஆலோசகர் இருக்கிறாரா, உதவி எண் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

2️⃣ ஒரு தம்பியோ தங்கையோ மனசு விட்டுப் பேச வந்தால் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்காதீர்கள். காது கொடுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள்.

3️⃣ மாணவர் மரணம் நடந்தால் கடைசிக் கடிதத்தையோ, எப்படி நடந்தது என்பதையோ பகிராதீர்கள். தியாகி ஆக்காதீர்கள். அதே வலியில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும். கோபத்தைக் கொள்கை மேல் காட்டுங்கள், கேள்வியை அதிகாரத்திடம் கேளுங்கள்.

4️⃣ நம் கொடியை முகப்புப் படமாக வைத்திருக்கும் எந்தக் கணக்கிலிருந்தும் மனநோயை வசையாக்கும் ஒரு சொல்லும் வர வேண்டாம். எதிரியை வீழ்த்த நம்மிடம் வாதம் இருக்கிறது.

📞 14416 டெலி மானஸ். 24 மணி நேரமும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.
📞 104 மருத்துவ ஆலோசனை
📞 108 அவசரத்துக்கு

இந்த எண்களைச் சேமித்து வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இப்போதே அனுப்புங்கள். யாருக்குத் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் வெட்கமில்லை. மனசுக்குக் கேட்பதிலும் இல்லை!

#மனநலம்_நம்_உரிமை
#பேசுவோம்_காப்போம்