காய்ச்சலுக்குப் பெயர் சொல்லும் கருவி

மலேரியாக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் என்று போனால் விரலில் ஊசி குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுப்பார்கள். யாரோ ஒருவர் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பொறுமையாகத் தேடுவார். போர் நடந்த இடங்களிலும் இந்த வேலை நிற்கவில்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததில் அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு.

டெங்குவிடம் அந்த வழி பலிக்காது. ஒரு மில்லிமீற்றர் இடத்தில் ஏறத்தாழ 20,000 டெங்கு வைரசுகளை வரிசையாக அடுக்கலாம். சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அவை தெரியா. 2017இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது, கொழும்பும் எமது வத்தளை இருக்கும் கம்பகா மாவட்டமுமே அதிகம் அடிபட்டன.

இப்போது ஒரு புது வழி பேசப்படுகிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைரசுகளை ஒளிரச் செய்து, நுணுக்குக்காட்டியில் படம்பிடித்து, இது இன்ன வைரசு என்று சொல்லக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். கொவிட்டையும் இன்புளுவென்சாவையும் 5 நிமிடத்துக்குள், 97 வீதத்துக்கு மேல் சரியாக அது பிரித்தறிந்ததாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இளம் நெல்லையும் நெற்சப்பியையும் பிரித்தறிய நீங்கள் எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? களை பிடுங்கிப் பிடுங்கிக் கண் பழகியது. கணினியும் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து அப்படித்தான் பழகுகிறது.

எமது கவலையும் இங்கேதான். காணாத களையைக் கண் அறியாது. அந்தக் கணினி பழகியது தொண்டையிலும் மூக்கிலும் எடுத்த மாதிரிகளில். எம்மவரைச் சாய்ப்பதோ டெங்குவும் எலிக்காய்ச்சலும். முதல் நாட்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக் மருந்து உடனே வேண்டும். டெங்குவுக்கு அதனால் பயனில்லை. நீராகாரத்தை அளந்து கொடுத்துக் கவனிக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் கருவியே எமக்குத் தேவை. அது எம் நாட்டு நோயாளரின் இரத்தத்தில், அவர்களது சம்மதத்தோடு, பழக வேண்டும். முதலில் கிராமத்து வைத்தியசாலைகளுக்குப் போகவேண்டும். கொழும்பில் ஒன்றை வைத்து நாடா வெட்டிப் படம் எடுத்தால் போதாது (அதில் எமக்குப் பழக்கம் அதிகம்).

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். பனடோல் தவிர அஸ்பிரின், இபுபுரொபன் எதையும் கொடுக்காதீர்கள். அறுவடைக்கென்று ஊர் போய்ச் சேற்றில் நின்றுவிட்டு வந்தவரா? வத்தளை விலாசத்தைப் பார்க்கும் வைத்தியருக்கு அது தெரியாது. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.