ராசி மெஷினில் இல்லை

"ஏனுங்க, இது ராசியான மெஷினுங்க. இதை வித்தா தொழிலே படுத்துரும்." கோவையில் கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கத்துப் பட்டறைகளில் இப்படிப் போற்றப்படும் பழைய லேத்துகள் ஏராளம். ஆயுத பூஜைக்கு முதல் மாலை அதற்குத்தான். மற்ற நாளெல்லாம் அதனோடு மல்லுக்கட்டுகிறவர் டர்னர். பூஜையை நான் குறை சொல்லவில்லை. ராசி என்ற பேச்சைத்தான் கண்டிக்கிறேன். தேய்ந்துபோன லேத் இன்னும் சரியான அளவு தருகிறது என்றால், அதைத் தருவது லேத் அல்ல. அதன் குறையைத் தன் கையால் ஈடுகட்டும் தொழிலாளி.

லேத்தில் பெரும்பாலான வேலை, இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கை ஒட்டியே நடக்கிறது. டூலைச் சுமக்கும் கேரேஜ், அடித்தளமான பெட்டின் அந்தக் கொஞ்ச தூரத்திலேயே ஆண்டுக்கணக்கில் போய்வருகிறது. எண்ணெயோடு கலந்த இரும்புத்தூள் அந்த இடத்தை அரித்துப் பள்ளமாக்குகிறது. மறுமுனையில் டெயில்ஸ்டாக் பக்கமோ புதுசு போலவே இருக்கும். கேரேஜ் பள்ளத்தில் இறங்கி முன்பக்கம் சாயும்போது டூல் ஷாஃப்டை விட்டு விலகுகிறது. சக் பக்கம் பருத்து, ஷாஃப்ட் டேப்பராக வருகிறது.

25 மி.மீ. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு கே6 என்ற பொருத்த அளவு கேட்டால், அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் மொத்தமே 13 மைக்ரான். பள்ளம் விழுந்த பெட்டில் அதை எடுக்க, டர்னர் கடைசி வெட்டில் ஹேண்டிலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே போகிறார். கிராஸ் ஸ்லைடின் ஆட்டத்தை ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கிறார். அப்படியும் மிஞ்சும் பருமனை எமரித் துணியால் தேய்க்கிறார். ஓடும் ஷாஃப்டில் அந்தத் துணி சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். முதலாளி ராசி என்று கொண்டாடுவது இந்த விரல்களின் வேலையை. பெயர் மட்டும் மெஷினுக்கு.

"அந்தக் காலத்து இரும்பு இப்ப வருமா?" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத்துகளுக்கு இன்றும் மரியாதை இருப்பது நியாயமே. வார்ப்புகளை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, உள்ளிறுக்கம் தளர்ந்த பிறகே கடைசல் வேலைக்கு எடுத்ததும் உண்மை. ஆனால் அந்தப் பக்குவம் பெட் கோணாமல் காக்குமே தவிர, உராய்வில் தேயாமல் காக்காது. அந்தக் காலத்து மட்டமான மெஷின்கள் எப்போதோ உலைக்குப் போய்விட்டன. தப்பி நிற்கும் நல்லவற்றை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்கிறோம்.

பழசையெல்லாம் தூக்கிப் போடு என்பதல்ல என் கட்சி. பெட்டை கிரைண்டிங் செய்து, நீலம் தடவிச் சுரண்டி, ஸ்குரூவையும் நட்டையும் மாற்றினால் பல லேத்துகள் மறுபடி வேலைக்கு வரும். அதற்குச் செலவாகும். மாலைக்கு அவ்வளவு ஆகாது. ராசி என்ற சொல் பலருக்கு அந்தச் செலவைத் தள்ளிப்போடும் சாக்கு. கடைசியில் விற்றே ஆகவேண்டி வந்தால், அதே ராசி மெஷினுக்குப் பெயின்ட் அடித்து, "நல்ல கண்டிஷன்" என்று புதிதாகத் தொழில் தொடங்கும் ஒரு பையன் தலையில் கட்டுகிறார்கள். இதில் நன்றி எங்கே இருக்கிறது?

மெஷினை அளந்துதான் ஏற்க வேண்டும் என்று ஜெர்மானியப் பேராசிரியர் கேயோர்க் ஷ்லெசிங்கர் 1927இலேயே சோதனை முறைகளை நூலாக்கிவிட்டார். விடைகொடுப்பதற்கும் அளவுதான் வழி. லேத்தை லெவல் பார்த்து நிறுத்துங்கள். சக்கில் தடித்த கம்பியைப் பிடித்து மெல்லிய வெட்டு ஒன்று கொடுங்கள், ஹேண்டிலைத் தொடாதீர்கள். இரு முனையையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். பெட்டிலும் டயல் கேஜை ஓட்டிப் பாருங்கள். தேய்மானம் உறுதியானால் ரீகண்டிஷன் செய்யுங்கள். கட்டுப்படியாகாது என்றால் எடைக்குப் போடுங்கள். கோவை ஃபவுண்டரிகளில் உருகி அது பம்ப் பாடியாக வரட்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அந்த லேத்தில் மைக்ரான் எடுத்துக் கொடுத்த டர்னரை நல்ல மெஷினில் நிறுத்தி, கூலியையும் கூட்டிக் கொடுங்கள். பட்டறையின் ராசி அவர்தான்.