சோறும் வேண்டும், சுத்தக் காற்றும் வேண்டும்!

2023 டிசம்பர் 26 இரவை எண்ணூர் மக்கள் மறக்க மாட்டார்கள். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் அன்றிரவு கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

1984 டிசம்பரில் போபாலிலும் இப்படித்தான் ஓர் இரவில் விஷவாயு கசிந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எண்ணூர் தப்பியது. ஆனால் தப்பிப் பிழைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஓரிரவு விஷவாயு பத்திரிகைகளில் வந்தது. அன்றாடம் விழும் தூசியும் சாம்பலும் வருவதில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் நிலக்கரித் துறைமுகம், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் மூவாயிரம் மெகாவாட்டுக்கும் அதிகமான அனல் மின்சாரம். மாநிலத்துக்கெல்லாம் விளக்கெரிகிறது, சாம்பல் மட்டும் வடசென்னைக்கு! மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009 இல் அறிவித்தது. அறிவிப்பு வந்தது, நிம்மதி வரவில்லை.

ராயபுரத்தின் கதையைப் பாருங்கள். துறைமுகத்தில் குவித்த நிலக்கரியும் இரும்புத் தாதுவும் காற்றில் பறந்து வந்து, கொடியில் காயும் வேட்டியிலும் உலையில் வேகும் சோற்றிலும் படிந்தன. மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரிலிருந்து நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது. ஆனால் தூசி ஒழிந்ததா? ஓர் ஏழைத் தெருவிலிருந்து இன்னோர் ஏழைத் தெருவுக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே. துறைமுகத் தொழிலாளிக்கோ வேலை போய்விடுமோ என்ற கவலை பிறந்தது.

இங்கேதான் முதலாளிகளின் பழைய சூழ்ச்சி இருக்கிறது. "புகை நின்றால் உன் அடுப்பும் நிற்கும்" என்று தொழிலாளியை மிரட்டுவார்கள். ஆலைத் தொழிலாளியையும் குப்பத்து மீனவனையும் மோதவிட்டு, லாபத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. ஆலையை மூடச் சொல்லவில்லை. புகையைப் பிடிக்கச் சொல்கிறோம். புகைக்கூண்டின் சாம்பலை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவி உண்டு. கந்தகப் புகையைச் சுண்ணாம்புக் கல் கரைசலால் கழுவும் சாதனம் உண்டு. நிலக்கரி போகும் பெல்ட்டை மூடலாம். குவியலுக்குத் தண்ணீர் தெளிக்கலாம். இதெல்லாம் செய்ய ஆள் வேண்டும். வேலை பெருகுமே தவிரக் குறையாது. குறைவது லாபம் ஒன்றுதான்.

இவற்றில் பல சர்க்கார் நிலையங்களே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பொதுத்துறை வளர வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பொதுத்துறையும் முதலாளியின் கணக்கையே போட்டால் அது எப்படிப் பொதுமக்களின் துறையாகும்? கந்தகப் புகைக்கு மத்திய சர்க்கார் 2015 டிசம்பரில் வரம்பு கட்டி, இரண்டாண்டுக் கெடு விதித்தது. கெடு மேல் கெடு தந்து, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது. பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 இறுதிவரை கெடு நீண்டது. நுரையீரலுக்கு யார் கெடு கொடுப்பார்கள்?

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியபோது சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். நான்கே ஆண்டில், 1956 இல், அங்கே சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 1981 முதல் சட்டம் இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது.

பஞ்சாலைத் தோழருக்கு இது புதிதல்ல. விடுமுறை கழிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகுவதை அவர் அறிவார். தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது; பஞ்சுத் தூசி நோய் ஈ.எஸ்.ஐ. அட்டவணையில் தொழில்நோயாக ஏறியது. ஆனால் ஆலை மதிலுக்கு வெளியே அதே காற்றைச் சுவாசிக்கும் மீன்காரிக்கும் விவசாயக் கூலிக்கும் எந்த அட்டவணை? சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். வயலில் சாம்பல் விழுந்தால் மண்ணுக்கு மட்டுமா கேடு? அறுப்புக் கூலியும் அல்லவா போகிறது!

நம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கூலிக்கும் போனசுக்கும் எழுப்பிய குரலை மூச்சுக்கு நாம் எழுப்பவில்லை. மதிலுக்கு உள்ளே ஒரு சங்கம், வெளியே ஒரு குப்பம் என்று பிரிந்து நின்றோம். அது போதும்.

நாம் கோருவது இவை: புகைக்கூண்டுகளின் அன்றாட அளவைத் தமிழில் எழுதி ஆலை வாசலிலும் தெருமுனையிலும் வைக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி உட்பட ஒவ்வொரு தொழிலாளிக்கும், சுற்றியுள்ள குடும்பங்களுக்கும் ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் ஊரை எழுப்பச் சங்கு வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முன்கூட்டியே மக்களுக்குப் பழக்க வேண்டும். கெடு தவறிய நிலையத்திடம் அபராதம் வாங்கி, அந்தப் பணத்தை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே கொடுக்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலையை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை; போராடிப் பெற்றோம். சுத்தக் காற்றும் அப்படித்தான் வரும். ஆலைத் தொழிலாளியும் மீனவரும் விவசாயத் தொழிலாளியும் ஒரே பந்தலில் அமரட்டும். மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதான்!