ரோமில் முதல் நாள்

ரோமில் இறங்கிய அன்றே வத்திக்கான் அருங்காட்சியகம், கொலோசியம் இரண்டுக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. விமானத் தூக்கம் கண்ணைச் சொருகும்போது மைக்கேலாஞ்சலோவை அண்ணாந்து பார்த்து என்ன பயன்? முதல் நாளுக்குப் பாந்தியோன் என்ற பழங்காலக் கோயில் போதும். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. முகப்பில் இருப்பதோ, அதே இடத்தில் முதலில் கோயில் கட்டிய அக்ரிப்பாவின் பெயர். (நம் அரசியல்வாதிகள் கவனிக்க: முன்னவர் பெயரை அழிக்காமலும் கட்டலாம்.) 43 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம், உள்ளே முறுக்குக் கம்பி எதுவும் கிடையாது. மேலே போகப் போகக் கலவையில் எடை குறைந்த கல்லாகச் சேர்த்திருக்கிறார்கள், உச்சிக்கு நுரைக்கல். நடுவில் திறந்த வட்டம். மழை பெய்தால் நேராக உள்ளே விழும். தரையிலுள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கேதான். 2023 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்களே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணீருக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்: தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.